வீட்டு நெட்வொர்க் டிரைவ் காலையில் ஏன் காணாமல் போகிறது?

கணினியைப் போட்டதும் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வருகிறது: எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை. எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பதறிப்போய் அதை இரண்டு முறை கிளிக் செய்தால் எதுவுமே நடக்காதது போலத் திறந்துகொள்கிறது. கல்யாணப் படங்கள், பாட்டு, வருமான வரிக் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அப்புறம் எதற்கு அந்த அறிவிப்பு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் சிலருக்கு இன்னொரு வகைத் தடையும் வருகிறது. பல வருடமாகத் திறந்துகொண்டிருந்த பகிர்வு ஃபோல்டர், "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதை அனுமதிக்கவில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தியோடு மூடிக்கொள்கிறது. கூடத்தில் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு ஏது நிறுவனம், ஏது கொள்கை?

பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: டிரைவ் வரவில்லை. ஆனால் முதலாவது நேரம் தவறியதால் வருவது, இரண்டாவது ஆளை நம்பாததால் வருவது. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மவுண்ட் என்றால் என்ன

பழைய பெரிய கணினிகளில் டேப் சுருளையோ டிஸ்க் அடுக்கையோ ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வந்து கருவியில் மாட்டுவார். அந்த 'மாட்டுவது'தான் மவுண்ட். இன்று கையால் மாட்ட எதுவுமில்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸிலும் மேக்கிலும் மவுண்ட் செய்வதென்றால், வெளியே இருக்கும் ஒரு சேமிப்பிடத்தை நம் கணினியின் ஏதோ ஒரு ஃபோல்டரோடு பிணைப்பது. விண்டோஸில் அதற்கு ஒரு எழுத்தைக் கொடுப்பதே பழக்கம். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு, சி ஹார்ட் டிஸ்குக்கு என்று பழைய நாட்களிலேயே போய்விட்டதால் நெட்வொர்க் டிரைவுக்கு இசட்டிலிருந்து பின்னோக்கி எழுத்து எடுப்பார்கள். எழுத்து கட்டாயமில்லை. \\பெட்டி\படங்கள் என்று முகவரியை நேராக அடித்தாலும் அதே இடம் திறக்கும்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று: இசட் டிரைவ் ஒரு டிஸ்க் அல்ல. அது இன்னொரு கணினியோடு நடக்கும் உரையாடல். அந்தப் பக்கம் இருப்பது நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி), பழைய லேப்டாப்போ, ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய பென் டிரைவோ, எதுவாகவும் இருக்கலாம். அதன் உள் அமைப்பு என்ன என்பது நமக்குத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே மொழி பேசினால் போதும்.

வீடுகளில் புழங்கும் மொழிகள் இரண்டு. ஒன்று எஸ்.எம்.பி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்டிடம் வளர்ந்தது. மற்றது என்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்தது. விண்டோஸ் அல்லாத கணினிகள் எஸ்.எம்.பி. பேசக் கற்றது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர் 1991-92 வாக்கில் எழுதத் தொடங்கிய நிரலால். எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்து சம்பா என்று பெயர் வைத்தார். நாம் கடையில் வாங்கும் நாஸ் பெட்டிக்குள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது இந்த சம்பாதான்.

'தானாக' என்றால் நான்கு வேலை

நாம் கையால் திறக்கும்போது தெரியாத சில படிகள், கணினி தானாகத் திறக்கும்போது ஒவ்வொன்றாக உதைக்கும்.

1. நெட்வொர்க் எழுந்திருக்க வேண்டும். வைஃபை என்றால் கடவுச்சொல் சரிபார்த்து, ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கி முடிக்கச் சில விநாடி ஆகும். கம்பி இணைப்பில் இது சீக்கிரம் முடியும்.

2. பெட்டியின் பெயர் எண்ணாக மாற வேண்டும். 'பெட்டி' என்பது நமக்குப் பெயர். கணினிக்குத் தேவை 192.168.1.10 மாதிரி ஒரு எண். அந்த எண்ணைத் தருவது ரவுட்டர். மின்சாரம் போய் வந்தால் நேற்று 10-இல் இருந்த பெட்டி இன்று 14-இல் உட்கார்ந்திருக்கலாம். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் அந்தப் பெட்டிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தப் படி தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

3. யார் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எங்காவது சேமித்திருக்க வேண்டும்.

4. கிடைத்ததை ஓர் எழுத்திலோ ஃபோல்டரிலோ பிணைக்க வேண்டும்.

நான்கில் ஒன்று பிந்தினாலும் டிரைவ் இல்லை. மின்வெட்டு முடிந்து வீடு முழுக்க ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது நடப்பதைப் பாருங்கள். எஸ்எஸ்டி போட்ட கணினி அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும். ரவுட்டர் எழுந்து வைஃபை பரப்ப ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். சுழலும் டிஸ்க்குகள் கொண்ட நாஸ் அதற்கும் பிறகு வரும். விருந்தாளி வந்து கதவைத் தட்டும்போது வீட்டுக்காரர் இன்னும் ஊரிலிருந்தே புறப்படவில்லை.

விண்டோஸ்: முந்திக்கொள்ளும் லாகின்

டிரைவை இணைக்கும் சாளரத்தில் 'உள்நுழையும்போது மீண்டும் இணை' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் விண்டோஸ் அந்த விவரத்தைத் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தப் பயனருக்குரிய பகுதியில் எழுதிவைக்கும். உள்நுழைந்ததும் அதைப் படித்து இணைக்கப் பார்க்கும். வைஃபை அதற்குள் வந்திருக்காவிட்டால் தோல்வி, அறிவிப்பு, சிவப்புக் குறி. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இது பரவலான தொல்லையாகி, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்து ஓட்ட ஒரு ஸ்கிரிப்டை (சிறு கட்டளைத் தொகுப்பை) மைக்ரோசாஃப்டே வெளியிட வேண்டிவந்தது.

ஆனால் அந்தச் சிவப்புக் குறி பெரும்பாலும் நோய் அல்ல. 'இப்போதைக்குத் தொடர்பில் இல்லை' என்பதுதான் அதன் பொருள். சும்மா கிடக்கும் இணைப்பை 15 நிமிடத்தில் அறுத்துவிடுவது விண்டோஸ் சர்வர் பக்கத்தின் இயல்பு வழக்கம். அதற்குப் பிறகும் இதே குறி தோன்றலாம். தொட்டால் மீண்டும் இணையும். டிரைவை நீங்களே கையால் திறப்பவர் என்றால் அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அந்த டிரைவில் உள்ள கோப்புகளை எதிர்பார்த்து ஒரு நிரல் தானாகத் தொடங்குகிறது, உதாரணமாக பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும் பிளேயர், என்றால் மட்டுமே மருந்து தேவை. அதற்கு டாஸ்க் ஷெட்யூலரில் 'லாகின் ஆகி 30 விநாடி கழித்து' என்று தாமதம் வைத்து டிரைவை இணைக்கும் நெட் யூஸ் கட்டளையை ஓடவிடலாம். புரோ பதிப்பில் 'தொடங்கும்போதும் உள்நுழையும்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு' என்ற அமைப்பு குரூப் பாலிசி என்ற கருவியில் உண்டு. ஹோம் பதிப்பில் அந்தக் கருவியே கிடையாது.

விண்டோஸில் ஆளைக் குழப்பும் இன்னும் இரண்டு விஷயங்கள்:

1. 'அட்மினாக இயக்கு' என்று திறந்த நிரலுக்கு இசட் டிரைவ் தெரியாது. ஒரே ஆள்தான், ஆனால் சாதாரண அனுமதிக்கும் அட்மின் அனுமதிக்கும் விண்டோஸ் தனித்தனி லாகின் வைத்திருக்கிறது. டிரைவ் முதல் லாகினுக்குத்தான் சொந்தம். முழு முகவரியைக் கொடுத்தால் வேலை நடக்கும்.

2. ஒரே பெட்டியில் இரண்டு பயனர் பெயர்களில் நுழைய முடியாது. அப்பாவின் கணக்கில் ஒரு ஷேர் (பகிர்வு ஃபோல்டர்), பொதுக் கணக்கில் இன்னொரு ஷேர் என்று இணைக்கப் போனால் 1219 என்ற எண்ணோடு பிழை வரும். ஒன்றைப் பெயராலும் மற்றதை எண் முகவரியாலும் கூப்பிட்டால் விண்டோஸ் அவற்றை இரண்டு பெட்டிகள் என்று நினைத்து விட்டுவிடுகிறது. அழகான வழி இல்லை, ஆனால் ஓடுகிறது.

லினக்ஸ்: ஒரே வரி, முழுக் கணினியும் பணயம்

லினக்ஸில் நிரந்தர மவுண்டுகளின் பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கிறது. ஒரு மவுண்டுக்கு ஒரு வரி. வரிக்கு ஆறு பகுதி. எங்கிருந்து, எந்த ஃபோல்டரில், எந்த வகை, என்னென்ன விருப்பங்கள், கடைசியில் இரண்டு எண்கள். நெட்வொர்க் டிரைவுக்கு அந்த இரண்டும் சுழியம்தான்.

எளிதாகத் தெரியும் இந்த வரிக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. எஃப்எஸ்டேப்பில் எழுதியதைக் கணினி கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. நாஸ் அணைந்திருந்தால் 'ஒரு வேலை தொடங்கிக்கொண்டிருக்கிறது' என்ற வரியைக் காட்டியபடி ஒன்றரை நிமிடம் வரை நிற்கும். உள் டிஸ்க் போல எழுதிவிட்டால் எமர்ஜென்சி மோடு என்ற கறுப்புத் திரையில் கொண்டுபோய்விடவும் கூடும். பாட்டு வைத்த பெட்டி அணைந்திருப்பதற்காக முழுக் கணினியும் எழாமல் கிடப்பது அநியாயம்தான். ஆகவே விருப்பங்கள் பகுதி முக்கியம்:

1. நோஃபெயில்: இது மவுண்ட் ஆகாவிட்டாலும் மற்ற வேலையைப் பார் என்பது.

2. நெட்டெவ், முன்னால் ஓர் அடிக்கோட்டோடு: இது நெட்வொர்க் சார்ந்தது, நெட்வொர்க்குக்குப் பிறகு பார் என்பது. எஸ்.எம்.பி., என்.எஃப்.எஸ். வகைகளை, லினக்ஸின் தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி தானே அடையாளம் காணும், எழுதினால் நஷ்டமில்லை.

3. கிரெடென்ஷியல்ஸ்: கடவுச்சொல்லை வரியிலேயே எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து அதன் இடத்தை மட்டும் சொல்வது. எஃப்எஸ்டேப்பைக் கணினியில் உள்ள எவரும் படிக்கலாம். தனிக் கோப்புக்கு 600 என்று அனுமதி வைத்தால் உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும்.

4. யுஐடி: கோப்புகள் யாருடையவை என்று காட்டுவது. இதை விட்டுவிட்டால் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகி, சொந்த ஃபோல்டரில் ஒரு கோப்பைச் சேமிக்கவே முடியாமல் நிற்பீர்கள்.

பெயரில் இடைவெளி இருந்தால் இன்னொரு பொறி. 'ஊர் படங்கள்' என்பது ஷேரின் பெயர் என்றால் எஃப்எஸ்டேப் 'ஊர்' என்பதோடு ஒரு பகுதி முடிந்தது என்று எண்ணிக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு இடைவெளிதான் பகுதிகளைப் பிரிக்கும் சுவர். அதனால் ஊர்\040படங்கள் என்று எழுத வேண்டும். மேற்கோள்குறி போட்டுப் பார்த்துத் தோற்றவர்கள் ஏராளம். பெயரில் இடைவெளி வைக்காமல் இருப்பது இதைவிட எளிது.

தொடும்போது இணைப்பது

மேலே சொன்ன சிகிச்சைகள் எல்லாமே 'தொடங்கும்போது இணை' என்பதைச் சரிக்கட்டும் முயற்சிகள். அடிப்படையே தவறு என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. கணினி எழும் நேரத்துக்கும் நமக்கு அந்தக் கோப்பு தேவைப்படும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போது இணைத்தால் போதுமே.

இது புதிதல்ல. சன் கணினிகளில் 1980-களிலேயே ஆட்டோமவுண்டர் இருந்தது. லினக்ஸில் ஆட்டோஎஃப்எஸ் அதையே செய்கிறது. இன்றைய லினக்ஸ் பதிப்புகளில் தனி நிரல்கூட வேண்டாம். எஃப்எஸ்டேப் வரியில் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேர்த்தால், தொடக்கத்தில் அந்த ஃபோல்டரில் ஒரு காவலாள் மட்டும் உட்காருவார். நாஸுடன் பேச்சே நடக்காது. நீங்களோ ஒரு நிரலோ உள்ளே எட்டிப் பார்த்த கணமே மவுண்ட் நடக்கும். முதல் முறை ஒரு விநாடி தாமதம் தெரியும். ஐடில் டைம்அவுட்டையும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைத்தால், யாரும் தொடாதபோது தானே கழன்றுகொள்ளும். பெட்டி அணைந்திருந்தால் ஃபைல் மேனேஜர் வெகுநேரம் உறைந்து நிற்காமலிருக்க, மவுண்ட் டைம்அவுட் என்ற விருப்பத்தில் 10 விநாடி போதும்.

என்.எஃப்.எஸ். பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் தேவை. அதன் இயல்பு நிலை 'ஹார்டு' மவுண்ட்: பெட்டி திரும்பி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கோப்பைத் தொட்ட நிரலும் நகராமல் நிற்கும். தரவு கெடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. நாஸை அணைத்துவிட்டுத் தூங்கப் போகும் வீட்டுக்கு இடைஞ்சல். எவ்வளவு குறைந்த நேரம் மவுண்ட் ஆகி இருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே இதில் மாட்டுவோம்.

மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் சர்வரை இணைத்து, கடவுச்சொல்லைக் கீச்செயினில் சேமித்து, அந்த டிரைவை லாகின் ஐட்டம்ஸில் சேர்ப்பதுதான் வழக்கம். அங்கும் வைஃபை பிந்தினால் அதே கதை. வால்யூம்ஸ் ஃபோல்டரில் அதே பெயர் ஏற்கனவே கிடந்தால் புதிய மவுண்ட் 'படங்கள்-1' என்று உட்கார்ந்துவிடும்; பழைய பெயரை நம்பிய நிரல்கள் திசை தெரியாமல் நிற்கும்.

காலி ஃபோல்டர் செய்யும் வேலை

லினக்ஸில் மவுண்ட் ஆகாத ஃபோல்டர் மறைந்துபோவதில்லை. வெறும் ஃபோல்டராக அங்கேயே இருக்கும். இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்குள் 80 ஜிபி எழுதிவிட்டுப் போகும். எழுதியது நாஸில் அல்ல, லேப்டாப்பின் சொந்த டிஸ்கில். மறுநாள் நாஸ் மவுண்ட் ஆனதும் அந்த 80 ஜிபி போர்வைக்கு அடியில் போனது மாதிரி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கணினி கத்தும். எந்த ஃபோல்டர் நிரப்பியது என்று ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால் கணக்கு 80 ஜிபி குறையும். நாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பேக்கப் என்று நம்பியதும் அன்றிரவு பேக்கப் இல்லை.

தொடும்போது இணைக்கும் முறையில் இந்தப் பொறி இல்லை. மவுண்ட் தோற்றால் காவலாள் பிழையைத் திருப்பித் தருவார். அடியில் இருக்கும் காலி ஃபோல்டருக்குள் விடமாட்டார். அந்த முறைக்கு மாற முடியாதவர்கள், மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துக்கொள்ளலாம்.

'உங்கள் நிறுவனம்' அனுமதிக்காதது ஏன்

இனி இரண்டாவது கோளாறு. இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு பக்கத்தில் இருப்பவரெல்லாம் நல்லவர் என்று நம்பிய காலத்தில் எழுதியது. 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய வன்னாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்வரை முடங்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் சிக்கினார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பு இயல்பாக இடம்பெறவில்லை. அதோடு 'நெட்வொர்க்' பக்கத்தில் தெரிந்துகொண்டிருந்த பழைய பெட்டிகளின் பட்டியலும் போனது, ஏனென்றால் அந்தப் பட்டியலைத் தொகுத்த சேவை முதல் பதிப்பை நம்பியே இருந்தது. பட்டியலில் தெரியாவிட்டாலும், புதிய பதிப்பு பேசத் தெரிந்த பெட்டி என்றால் முகவரியை அடித்ததும் திறக்கும்.

அடுத்த படி விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வந்தது. புரோ பதிப்பில் இரண்டு மாற்றங்கள்:

1. எஸ்.எம்.பி. பேச்சின் ஒவ்வொரு பொட்டலமும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். நடுவில் யாராவது மாற்றினால் கையொப்பம் பொருந்தாது.

2. கெஸ்ட் நுழைவு, அதாவது கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடுவது, தானாக நடக்காது.

இரண்டும் தனித்தனி விதிகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்று. கையொப்பத்துக்கான சாவி உருவாவதே உள்நுழைவின்போது பயன்படும் கடவுச்சொல்லின் அடிப்படையில்தான். கெஸ்டுக்குக் கடவுச்சொல் இல்லை, சாவி இல்லை, கையொப்பமும் இல்லை. ஆகவே கையொப்பம் கட்டாயம் என்றதுமே கெஸ்ட் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. வீட்டில் வசதிக்காகக் கடவுச்சொல் இல்லாமல் திறந்துவைத்த ஷேர்கள் இதில்தான் நின்றுபோகின்றன. செய்தியில் வரும் 'நிறுவனம்' என்பது அலுவலகக் கணினிகளை மனதில் வைத்து எழுதிய வாசகம், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பயனரையும் கடவுச்சொல்லையும் உருவாக்குங்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கடவுச்சொல்லை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒரு முறை சேமித்தால் பிறகு கேட்காது. பெரும்பாலானோருக்கு இதோடு வேலை முடிந்தது. பாதுகாப்பையே அணைத்துவிடும் கட்டளைகளைத்தான் பலரும் முதலில் பரிந்துரைப்பார்கள். அவை கணினி சேரும் எல்லா நெட்வொர்க்கிலும் அணைந்தே இருக்கும், உங்கள் வீட்டில் மட்டும் அல்ல. முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய ரவுட்டர் என்றால் அதிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி வேறு பெட்டிக்கு மாற்றுவதே மேல்.

வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்குக் கையொப்பம் மட்டும் போதாது, நல்ல கடவுச்சொல்லும் வேண்டும். 192.168.1.10 என்பது உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமான எண் அல்ல. விடுதி வைஃபையிலும் அதே எண்ணில் ஒரு கணினி இருக்கலாம். தானியங்கி மவுண்ட் அதை வீட்டு நாஸ் என்று நினைத்துப் போய் வணக்கம் சொல்லும். கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாது என்றாலும், அதிலிருந்து கணக்கிட்ட ஒரு பதிலை அனுப்பும். எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நிதானமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். சின்னக் கடவுச்சொல் என்றால் அதிக நேரம் பிடிக்காது.

எதை இணைக்கக் கூடாது

கணினி எழுதக்கூடிய இடத்திலெல்லாம் அதில் நுழைந்த ரான்சம்வேரும் எழுத முடியும். 2013-இல் வந்த கிரிப்டோலாக்கர் எழுத்துக் கொடுத்து இணைத்த நெட்வொர்க் டிரைவ்களையும் சேர்த்துப் பூட்டியது. 2016-இல் வந்த லாக்கி ஒரு படி மேலே போய், எழுத்தே கொடுக்காத ஷேர்களையும் தேடிப் பிடித்தது. ஆகவே எழுத்தை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது கணக்கில் வராது; அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதியே இருக்கக் கூடாது. படங்களையும் பாட்டையும் படிக்க மட்டும் அனுமதியுள்ள பயனராக இணைத்து, புதுப் படங்களைப் போட வேறொரு பயனரை வைத்துக்கொள்ளலாம். பேக்கப் ஷேரைத் தானாக இணைக்கவே வேண்டாம். பேக்கப் நிரல் தன் சொந்தக் கடவுச்சொல்லோடு போய் எழுதிவிட்டு வரட்டும். நாஸில் ஸ்னாப்ஷாட் வசதி (கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது) இருந்தால் அதையும் ஓடவிடுங்கள், ஏனென்றால் அதைக் கணினியிலிருந்து ஷேர் வழியாக அழிக்க முடியாதபடி வைக்கலாம்.

எந்த முறையில் அமைத்தாலும் சோதிக்க ஒரு வழி போதும். எல்லா வேலையையும் சேமித்து, கணினியையும் நாஸையும் முறைப்படி அணைத்து, ரவுட்டரின் ஸ்விட்சையும் நிறுத்துங்கள். பிறகு மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். கணினி திரைக்கு வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் ஏதோ ஒன்று நாஸுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று பொருள். நேரத்துக்கு வந்துவிட்டது, மூன்று நிமிடம் கழித்து ஃபோல்டரைத் தொட்டதும் படங்களும் தெரிகின்றன என்றால் அமைப்பு சரி. அப்புறம் நாஸை மட்டும் அணைத்துவிட்டு, கணினியை மீண்டும் தொடங்கி, அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சில விநாடியில் ஒரு பிழைச் செய்தி வர வேண்டும். காலி ஃபோல்டர் வந்தால் எஃப்எஸ்டேப்புக்குத் திரும்பிப் போங்கள்.